பரணும் கவணும்

கவண் என்பது நடுவே கல்லைத் தாங்கும் பட்டையும் இருபுறமும் கயிறும் கொண்ட எறிகருவி. ஒரு கயிற்றின் நுனியை விரலில் மாட்டி, மற்றதை விரலிடுக்கில் பற்றி, தலைக்கு மேல் சுழற்றி, பற்றிய நுனியை விட்டால் கல் பறக்கும். சங்க இலக்கியத்தில் இது குறிஞ்சி நிலத்துக் காவல் கருவி. கச்சிராயபாளையத்துக்கு மேலே எழும் கல்வராயன் மலையும் அத்தகைய நிலந்தான். மலையாளிப் பழங்குடியினரின் சாமையும் தினையும் கேழ்வரகும் விளையும் மலை அது.

கலித்தொகையின் குறிஞ்சிக்கலியில், புனத்துக்கு வந்த யானையை விரட்டக் காவலன் எறிந்த கவண்கல் வேங்கைப் பூவைச் சிதறடித்து, பலாக்கனியை உதிர்த்து, தேன்கூட்டைத் துளைத்துக்கொண்டு போகிறது. கவிதைக்குரிய மிகை உண்டு என்றாலும், கவணின் வேகத்தை நேரில் கண்டவரின் வருணனை அது. சிலப்பதிகாரம் மதுரைக் கோட்டையின் காவற்பொறிகளிலும் கல்லெறியும் கவணைச் சேர்க்கிறது.

புனங்காவலுக்குக் கவண் பொருந்தியதற்குக் காவலர் ஏறி நிற்கும் பரணும் ஒரு காரணமாக இருந்திருக்க வேண்டும். ஈட்டி எறிபவருக்கு ஓடிவர இடம் வேண்டும். ஓட்டத்தின் நேர்விசைதான் அவருடைய முதல். நாலு கழி நட்டுக் கட்டிய பரணில் ஓரடி முன்வைக்கவும் இடமில்லை. அங்கே நின்றபடி வேகம் பெற ஒரே வழி சுழற்சி. 70 செ.மீ. கை வினாடிக்கு மூன்று முறை சுழன்றால் உள்ளங்கையின் வேகம் வினாடிக்கு 13 மீட்டர். அதே நீளக் கயிறு சேர்ந்து, சுழற்சி குறையாதிருந்தால் கல்லின் வேகம் 26 மீட்டர். தாக்கும் ஆற்றல் நான்கு மடங்கு. கல் வட்டத்தின் தொடுகோட்டில் கிளம்புவதால், விடும் கணம் வினாடியில் நூற்றில் ஒரு பங்கு தவறினாலும் திசை சுமார் 11 பாகை மாறும். 50 மீட்டர் தொலைவில் அது ஏறத்தாழ 10 மீட்டர் விலகல். சுழற்சி தரும் வேகத்துக்குக் குறிதான் விலை.

தென்பாண்டிச் சீமையின் வளரியும் இந்த வகைதான். வளைந்த அந்தத் தடியின் மெல்லிய முனையைப் பிடித்துத் தோளுக்கு மேல் சுழற்றி வீசுவார்கள். 1795இல் சின்ன மருது தனக்கு ஈட்டியும் வளரியும் எறியக் கற்றுக்கொடுத்ததாக ஆங்கிலேயத் தளபதி ஜேம்ஸ் வெல்ஷ் எழுதியிருக்கிறார். நேர்விசைக்கு ஒன்று, சுழல்விசைக்கு ஒன்று என இரண்டையும் ஒரே ஆசான் கற்பித்தது கவனிக்கத்தக்கது.

அமெரிக்க பேஸ்பாலில் மட்டையடிப்போரிடையே இந்த நேர்விசையும் சுழல்விசையும் இரண்டு கட்சிகளாயின. 1941இல் 0.406 சராசரி எடுத்த டெட் வில்லியம்ஸ், 1970இல் வெளியிட்ட நூலில் இடுப்பின் சுழற்சியே அடியின் உயிர் என்றார். பயிற்சியாளர் சார்லி லாவ் உடல் எடையைப் பின்காலிலிருந்து முன்காலுக்குக் கொண்டுபோகச் சொன்னார். அவரிடம் பயின்ற ஜார்ஜ் பிரெட் 1980இல் 0.390 எடுத்தார். உண்மையில் ஒன்று மற்றொன்றைத் தொடர்ந்து வருவது. பந்தெறிபவர் முன்னே அடி வைக்கிறார். ஊன்றிய முன்கால் அந்த ஓட்டத்தைத் தடுக்கிறது. தடைபட்ட வேகம் இடுப்பு, தோள், கை என ஏறிச் சுழற்சியாகிறது. கிரிக்கெட்டின் வேகப்பந்து வீச்சாளர் முன்காலை விறைப்பாக ஊன்றுவதும் இதற்காகவே.

சுழற்சியே தேவைப்படாத கல்லெறி கருவியும் பின்னர் வந்தது. சார்லஸ் குட்இயர் 1844இல் காப்புரிமை பெற்ற பதப்படுத்திய ரப்பர், பின்னாளில் கவட்டைக் கிளையில் கட்டப்பட்டு உண்டிகோலானது. இழுத்துக் குறிபார்த்து விட்டால் கல் நேராகப் போகும்; சுழற்றவும் வேண்டாம், விடும் கணத்தைப் பழகவும் வேண்டாம். இன்று பலர் கவண் என்று சொல்வது இந்தக் கவட்டையைத்தான்.