சுவரில் விரிந்த சோழமண்டலம்

மரக்காணம் என்றதும் நம் நினைவில் எழுவது உப்பளம். சிறுபாணாற்றுப்படை போற்றும் எயிற்பட்டினம் இவ்வூரே என்பர் அறிஞர் பலர். எனினும் இக்கடற்கரை உலகுக்கு ஈந்தது உப்பு மட்டுமன்று. வடக்கே சதுரங்கப்பட்டினத்திலும் தெற்கே புதுச்சேரியிலும் 17, 18ஆம் நூற்றாண்டுகளில் வண்ணம் தீட்டிய பருத்தித் துணிகள் கப்பலேறின. ஐரோப்பிய மாளிகைகளில் அவை சுவர்த்திரைகளாயின, கட்டில் விரிப்புகளாயின.

குன்றின்மேல் வேரூன்றிக் கிளை பரப்பும் பூமரமே அவற்றில் பெரிதும் விரும்பப்பட்ட ஓவியம். அதிலும் வாங்குவோர் விருப்பம் கலந்தது. வெண்ணிறத் தளத்தில் பூக்கள் வேண்டுமென 1643இல் ஆங்கிலக் கம்பெனியார் இந்தியாவுக்கு எழுதினர். கனவு அவர்களுடையது, கைத்திறன் நம்மவருடையது.

அத்திறனை எழுத்தில் வடித்தவர் ஓர் இயேசு சபைத் துறவி. அருட்தந்தை கேர்தூ, தாம் திருமுழுக்களித்த சாயத் தொழிலாளரிடம் கேட்டறிந்து, 1742இல் விரிவான மடல் ஒன்றைப் பிரான்சுக்கு அனுப்பினார். கடுக்காயும் எருமைப்பாலும் கலந்த நீரில் துணியைத் தோய்த்தல், கரித்தூளால் உருவரை பதித்தல், படிகாரம் தீட்டிச் சாயவேரில் கொதிக்கவைத்துச் செந்நிறம் பெறுதல், மெழுகு பூசி அவுரியில் நீலமேற்றுதல் என முறைகள் யாவும் அதில் அடங்கின. செந்நிறம் தந்த சாயவேர் இக்கரையின் மணற்பாங்கான நிலத்தில் வளர்வது.

பிரான்சில் 1686 முதல் இத்தகைய துணிகளுக்குத் தடை இருந்தது. 1759இல் அது நீங்கியதும், மறு ஆண்டே ஒபர்காம்ப் என்பவர் ஷூயி என்னும் ஊரில் அச்சுத்துணிப் பட்டறை தொடங்கினார். ஓவியங்களும் காதற்கதைகளும் துணியில் பதிந்து சுவர்களை அணிசெய்தன. 1788இல் வெளிவந்த 'பவுலும் விர்ஜினியும்' கதைக்காட்சிகளும் அவற்றுள் அடங்கும். பின்னர் இங்கிலாந்தில், செயற்கைச் சாயங்களை வெறுத்துத் தாவரச் சாயங்களை நாடினார் கவிஞர் வில்லியம் மோரிஸ். ஓவியர் பர்ன்-ஜோன்ஸ் வரைந்த மூவரசர் வணக்கக் காட்சியை அவருடைய பட்டறை திரையாக நெய்து 1890இல் நிறைவு செய்தது. ஆக்ஸ்போர்டு எக்சிடர் கல்லூரிச் சிற்றாலயத்தில் அது தொங்குகிறது.

கேர்தூவின் பெயரை வரலாறு அறியும். ஒபர்காம்பையும் மோரிசையும் அறியும். ஆனால் குருவானவருக்கே ஆசான்களாய் அமர்ந்து, தலைமுறைகள் காத்த தொழில் மறையைச் சொல்லிக்கொடுத்த அந்தத் தமிழ்க் கிறித்தவர்களின் பெயர்களை நாம் அறியோம். அந்த அறிவுக்கு அவர்கள் பெற்ற விலை என்ன? நற்செய்தியைப் பெற்றவர்களாக மட்டுமே அவர்களை நினைப்பது நமக்குப் பழக்கம். அவர்கள் கொடுத்தவர்களும்கூட. நம் திருச்சபையின் வரலாற்றில் அதற்கும் ஒரு பக்கம் வேண்டும்.