எம்டனின் அக்கா

எங்கள் கரையாம்புத்தூர்ப் பக்கத்தில் ஒருவன் கொஞ்சம் தந்திரக்காரனாகவோ ஆளை மிரட்டுகிறவனாகவோ இருந்தால் "அவன் சரியான எம்டன்ப்பா" என்பார்கள். சொல்கிறவருக்கே அது ஒரு கப்பலின் பெயர் என்று தெரியாமல் இருக்கலாம். 2006-ல் ஒரு சினிமாவுக்கு 'எம்டன் மகன்' என்று பெயர் வைத்து, பிறகு 'எம் மகன்' என்று மாற்றினார்கள். ஒரு ஜெர்மன் போர்க்கப்பல் தமிழில் வசைச்சொல்லாகவும் பாராட்டாகவும் நூறு வருஷத்துக்கு மேல் உயிரோடு இருப்பது சாதாரண விஷயமில்லை.

"மலருக்கு ஏதாவது எழுதுங்கண்ணா, எஞ்சினியரிங் வாசனையோட இருக்கணும்" என்று மலர்க்குழுத் தம்பிகள் கேட்டார்கள். சென்ற ஒன்றரை வருஷமாக ஞாயிற்றுக்கிழமைகளில் நான் செய்துவந்த காரியத்தையே எழுதுகிறேன். டிரெஸ்டன் என்ற கப்பலின் பிளாஸ்டிக் மாடல் பெட்டி ஒன்றை எம்டனாக மாற்றிய கதை இது. கதையில் பாதி பசையும் உப்புத்தாளும்தான். ஆனால் மீதிப் பாதி சரித்திரம், அதுதான் முக்கியம்.

எனக்குக் கிடைத்தது 1/350 அளவில் டிரெஸ்டன் பெட்டி. நான் ஆசைப்பட்டது எம்டன். இரண்டும் ஒரே வரைபடத்தில் பிறந்த சகோதரிக் கப்பல்கள். டிரெஸ்டன் 1907 அக்டோபரில் ஹாம்பர்க்கில் நீரில் இறங்கியது. எம்டன் 1908 மே மாதம் டான்சிக்கில், அதாவது இன்றைய போலந்தின் க்டான்ஸ்க் நகரில் இறங்கியது. ஆக டிரெஸ்டன் அக்கா, எம்டன் தங்கை. இரண்டுக்கும் மூன்று புகைபோக்கி, பத்து 10.5 சென்டிமீட்டர் பீரங்கி, சுமார் 118 மீட்டர் நீளம். 1/350-ல் அது 34 சென்டிமீட்டர் கூட வராது, மேஜை மேல் அடங்கிவிடும். பீரங்கிக் குழாயின் உள்வாய் 0.3 மில்லிமீட்டர்! என் கண்ணாடி பவர் ஏறியதற்கு யார் பொறுப்பு என்று வீட்டில் கேட்கிறார்கள்.

மேலே இருந்து பார்த்தால் அக்கா தங்கையைப் பிரித்துச் சொல்வது கஷ்டம். கொடிமரம், முகப்பு அலங்காரம், பெயர் எழுத்து போன்ற சில்லறை மாற்றங்களை ஒரு மாதத்தில் முடித்துவிட்டேன். பெரிய வித்தியாசம் தண்ணீருக்குக் கீழே இருக்கிறது. டிரெஸ்டனுக்கு நான்கு ப்ரொப்பெல்லர், எம்டனுக்கு இரண்டுதான்.

மெக்கானிக்கல் பசங்களுக்கு இது உடனே புரிந்துவிடும். மற்ற துறை நண்பர்களுக்காகச் சொல்கிறேன். அந்தக் காலத்தில் நீராவி டர்பைன் என்பது புது மாப்பிள்ளை. அதைப் பழைய பிஸ்டன் எஞ்சினோடு ஒப்பிட்டுப் பார்க்க ஜெர்மன் கடற்படை விரும்பியது. அதனால் அக்காவுக்கு பார்சன்ஸ் டர்பைனும், தங்கைக்கு மூன்று கட்டமாக நீராவி விரியும் பிஸ்டன் எஞ்சினும் வைத்தார்கள். டர்பைன் வேகமாகச் சுற்றும். வேகத்தைக் குறைக்கும் கியர் இன்னும் கப்பலுக்கு வராத காலம் என்பதால், சுழல்தண்டு நேரே ப்ரொப்பெல்லருக்குப் போகும். வேகமாகச் சுற்றுகிற ப்ரொப்பெல்லர் பெரிதாக இருந்தால் தண்ணீரை அடித்து நுரையாக்குமே தவிரத் தள்ளாது. அதனால் சின்னதாக நான்கு வைத்தார்கள். பிஸ்டன் எஞ்சின் நிதானமானது, அதற்குப் பெரிதாக இரண்டு போதும். கணக்குப்படி டிரெஸ்டனுக்கு 15,000 குதிரைத்திறன், 24 நாட் வேகம். எம்டனுக்கு 13,500 குதிரைத்திறன், 23.5 நாட். காகிதத்தில் பார்த்தால் அக்காதான் உசத்தி. எம்டனுக்குப் பிறகு ஜெர்மனி கட்டிய சிறிய க்ரூசர்களில் பிஸ்டன் எஞ்சின் வைக்கவே இல்லை.

ஆகவே என் வேலை, நான்கு சுழல்தண்டுகளையும் அறுத்துவிட்டு, ஓட்டைகளை எம்-சீல் வைத்து அடைத்து, உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, இரண்டு புதுத் தண்டுகளைச் சரியான சாய்வில் பொருத்துவது. தண்டுக்குக் காலி பால்பாயிண்ட் ரீஃபில் குழாய் பயன்பட்டது. ப்ரொப்பெல்லர் இலைகளை மெல்லிய பிளாஸ்டிக் தகட்டில் வெட்டி, வெந்நீரில் காட்டி முறுக்கினேன். கணக்கில் எடுத்தவை ஆறு இலை, வீணாய்ப் போனவை இருபதுக்கு மேல். "கடல் மாதிரி நீல அட்டையில் ஒட்டிடு, தண்ணிக்குக் கீழ எவன் பாக்கப் போறான்?" என்று என் ஹாஸ்டல் அறைத்தோழன் (இப்போது அவன் பாலங்கள் கட்டுகிறான்) கேட்டான். கேள்வி நியாயமானதுதான். ஆனால் அந்த இரண்டு ப்ரொப்பெல்லர் இல்லாவிட்டால் அது எம்டன் இல்லை, பெயர் மாற்றிய டிரெஸ்டன்.

எம்டனின் பிழைப்பு முழுக்க நிலக்கரியில் இருந்தது. 1914 ஆகஸ்டில் போர் தொடங்கியபோது கிழக்காசியாவில் இருந்த அந்தக் கப்பல், கேப்டன் கார்ல் ஃபான் முல்லர் தலைமையில் தனியே வங்காள விரிகுடாவுக்கு வந்தது. இங்கே அதற்கு ஒரு துறைமுகமும் சொந்தமில்லை. பிடித்த கப்பலில் கரி இருந்தால் ஓட்டம், இல்லாவிட்டால் நின்றுவிட வேண்டியதுதான். மெதுவாகச் சுற்றித் திரியும் வேகத்தில் அந்தக் கால டர்பைன் கரியை விழுங்கும்; பிஸ்டன் எஞ்சின் சிக்கனமானது. கடலில் பதுங்கித் திரிகிறவனுக்கு அந்தச் சிக்கனம் பெரிய பலம். பழைய எஞ்சின் என்று ஒதுக்கப்பட்டதுதான் இங்கே கைகொடுத்தது என்பது என் அபிப்பிராயம்.

செப்டம்பர் 10-ல் பிடித்த கிரேக்கக் கப்பல் பொன்டோபொரோஸில் வங்காளத்துக் கரி இருந்தது. புகை மிகுந்த மட்டமான சரக்கு. புகை என்றால் தூரத்திலிருந்தே எதிரிக்குத் தகவல். செப்டம்பர் 27-ல் பிடித்த ப்யூரெஸ்க் கப்பலில் 6,600 டன் முதல்தரமான வேல்ஸ் கரி கிடைத்தது. அன்றைக்கு அவர்களுக்குத் தீபாவளிதான்.

இந்த இரண்டுக்கும் நடுவில்தான் மெட்ராஸ். 1914 செப்டம்பர் 22, இரவு ஒன்பதரை மணி சுமாருக்கு, துறைமுகத்தில் விளக்குகள் தாராளமாக எரிந்துகொண்டிருந்தபோது எம்டன் சுமார் 3,000 மீட்டர் தூரத்தில் நின்று சுட்டது. ஏறக்குறைய 130 குண்டுகள். பர்மா ஆயில் கம்பெனியின் டாங்குகளில் தீ பிடித்தது. சேதம் பணக்கணக்கில் பெரிதில்லை, ஆனால் பயம் பெரிது. ஆயிரக்கணக்கில் ஜனங்கள் ஊரைவிட்டுக் கிளம்பினார்கள். சென்னை உயர்நீதிமன்றச் சுவரில் அந்த இரவின் நினைவுக்கல் இருக்கிறது, பார்த்திருப்பீர்கள். செண்பகராமன் பிள்ளை அந்தக் கப்பலில் இருந்தார் என்ற கதையும் நம் பக்கம் பலமாக உலவுகிறது. அந்த மாதங்களில் அவர் ஐரோப்பாவில் அரசியல் வேலையில் இருந்தார். அவருடைய பெருமைக்கு இந்தக் கப்பல் தேவையில்லை.

நம் பாகூர், கரையாம்புத்தூரெல்லாம் அப்போது பிரெஞ்சு மண், பக்கத்துக் கடலூர் பிரிட்டிஷ் மண். எம்டனுக்கு இரண்டு பேருமே எதிரி. சுட்டுவிட்டுக் கப்பல் இலங்கைப் பக்கம் போனது. அக்டோபரில் டியேகோ கார்சியாவில் நின்றது. உலகப் போர் நடப்பதே அந்தத் தீவில் தெரியாது. இவர்களும் சொல்லாமல், கப்பலின் அடியைச் சுரண்டிச் சுத்தம் செய்துகொண்டு, தீவுக்காரர் ஒருவரின் மோட்டார் படகையும் ரிப்பேர் செய்து கொடுத்துவிட்டுக் கிளம்பினார்கள்.

அக்டோபர் 28 விடியலில் பினாங்கு. இங்கேதான் என்னைப் போன்ற மாடல்காரர்கள் எழுந்து நின்று கும்பிட வேண்டும். பிரிட்டிஷ் க்ரூசர்களில் பலவற்றுக்கு நான்கு புகைபோக்கி. எம்டனுக்கு மூன்று. மாலுமிகள் மரச்சட்டமும் கான்வாஸும் வைத்து நாலாவதாக ஒரு பொய்ப் புகைபோக்கியை நிறுத்தினார்கள். நிஜக் கப்பலையே வேறு கப்பலாக மாற்றிவிட்டார்கள்! அந்த வேஷத்தில் உள்ளே நுழைந்து ரஷ்யாவின் ஷெம்சுக் க்ரூசரை டார்பிடோவால் முடித்தது எம்டன். வெளியே வரும்போது பிரெஞ்சு டிஸ்ட்ராயர் மூஸ்கேயையும் மூழ்கடித்தது. தண்ணீரில் தத்தளித்த பிரெஞ்சு மாலுமிகளை நின்று தூக்கிக்கொண்டது. புதுச்சேரிக் கடற்கரைச் சாலையில், காந்தி சிலைக்கு எதிரே உள்ள பிரெஞ்சுப் போர் நினைவுச்சின்னம் அந்த உலகப் போரில் இறந்தவர்களுக்கானது. அந்தப் பக்கம் போகும்போது எனக்கு மூஸ்கே ஞாபகம் வரும்.

நவம்பர் 9-ல் கோகோஸ் தீவில் தந்தி நிலையத்தை அழிக்கப் போன இடத்தில் ஆஸ்திரேலியாவின் சிட்னி வந்தது. அதன் பீரங்கி பெரியது, வேகமும் அதிகம். எம்டன் பவளப்பாறையில் ஏறி நின்றது. 130-க்கும் மேற்பட்ட மாலுமிகள் செத்தார்கள்.

அக்கா என்ன ஆனாள்? டிரெஸ்டன் தென் அமெரிக்கப் பக்கம் அட்மிரல் ஸ்பீயின் படையில் சேர்ந்தது. 1914 டிசம்பர் 8, ஃபாக்லாந்து போரில் ஸ்பீயின் மற்ற நான்கு போர்க்கப்பல்களும் மூழ்கின. டர்பைன் வேகத்தால் டிரெஸ்டன் மட்டும் தப்பி ஓடியது. தென்முனைக் கால்வாய்களில் மூன்று மாதம் ஒளிந்தது. கரி தீர்ந்து, எஞ்சின் தேய்ந்து, சிலி நாட்டின் மாஸ் அ தியெரா தீவில் நின்றபோது பிரிட்டிஷ் கப்பல்கள் பிடித்துக்கொண்டன. 1915 மார்ச் 14-ல் அதன் ஆட்களே மூழ்கடித்தார்கள். 1966-ல் அந்தத் தீவுக்கு ராபின்சன் க்ரூசோ தீவு என்று பெயர் மாற்றினார்கள்.

என் எம்டனுக்குப் பூசியிருப்பது போர்க்காலச் சாம்பல் நிறம். சமாதான காலத்தில் அது வெள்ளை. நாலாவது புகைபோக்கியைக் கழற்றி மாட்டும்படி காகிதத்தில் செய்திருக்கிறேன். ரீயூனியன் அன்றைக்கு மாடலை எடுத்து வருகிறேன். ஸ்டாண்டுக்குக் கீழே ஒரு முகம் பார்க்கும் கண்ணாடி வைத்திருக்கிறேன், குனியாமலே ப்ரொப்பெல்லர் தெரியும். அறுத்தெடுத்த நான்கு சின்ன ப்ரொப்பெல்லர்கள் ஒரு தீப்பெட்டியில் பக்கத்திலேயே இருக்கும். பெட்டி மேல் 'டிரெஸ்டன்' என்று எழுதி ஒட்டியிருக்கிறேன்.