மூச்சை மீட்ட வரலாறு

பெட்டாலிங் ஜெயாவை அடுத்துள்ள சன்வே நகர், பழைய ஈயச் சுரங்க நிலத்தின் மீது எழுந்ததாகும். கிள்ளான் பள்ளத்தாக்கில் அத்தகைய சுரங்கங்கள் விட்டுச் சென்ற குட்டைகள் பல. கரையோரத்திலேயே ஆழங்காட்டும் அக்குட்டைகளில் வீழ்ந்தவரை மீட்கத் துணிவு மட்டும் போதுமா? போதாது என்கிறது வரலாறு.

நீரில் மூழ்கியோரைக் காக்க 1767இல் ஆம்ஸ்டர்டாமிலும் 1774இல் இலண்டனிலும் சங்கங்கள் தோன்றின. புகையிலைப் புகையைக் குடலுள் செலுத்தினால் உயிர் மீளும் என்று அந்நாளில் நம்பினர். 1932இல் டென்மார்க்கைச் சார்ந்த ஓல்கர் நீல்சன், முதுகை அழுத்திக் கைகளை உயர்த்தும் முறையை வகுத்தார். வாயோடு வாய் வைத்து மூச்சளிப்பதே சிறந்தது என்பதை 1950களில் ஜேம்ஸ் ஈலம், பீட்டர் சஃபார் ஆகிய மருத்துவர்கள் நிறுவினர். மார்பை அழுத்திக் குருதியோட்டத்தைக் காக்கும் முறை 1960இல் வெளியாயிற்று. இவ்விரண்டின் இணைப்பே இன்றைய முதலுதவி.

பயிற்சியற்றவர் நீரில் குதித்தால் ஓருயிருக்கு ஈருயிர் போகக்கூடும். ஆதலின் உதவிக்குக் குரல் கொடுத்தலும், கரையில் நின்றே கழியோ கயிறோ துண்டோ நீட்டுதலும் முதற்பாடம். மீட்டபின் வயிற்றை அழுத்தி நீரை வெளியேற்ற முயன்று காலங்கடத்தலாகாது. இழந்தது மூச்சு, அளிக்க வேண்டியதும் மூச்சே. நீச்சல் அறியாத மாணவரும் கற்கத்தக்க இப்பாடத்தைப் புகட்டுதல் ஆசிரியர் கடனன்றோ?