மத்தி மீனும் செல்போனும்



எனக்கு முன்னாடி பேசின சகோதரி என்ன சொன்னாங்க? "செல்போன் வந்துச்சு, மனுஷன் சோம்பேறி ஆயிட்டான், சொந்தமா யோசிக்கிறதையே மறந்துட்டான்"னாங்க. அருமையான பேச்சு. ஆனா, அதுக்கான குறிப்பை எதைப் பார்த்துப் படிச்சாங்க? செல்போனைப் பார்த்து! (சிரிப்பு, கைதட்டல்)

ஐயா, இந்தக் குற்றச்சாட்டு புதுசு இல்லை. ஏறத்தாழ 2,400 வருஷத்துக்கு முன்னால் கிரேக்க அறிஞர் பிளேட்டோ, 'பைடிரஸ்' என்று ஓர் உரையாடல் எழுதினார். அதில் சாக்ரடீஸ் ஒரு எகிப்தியக் கதை சொல்கிறார். எழுத்தைக் கண்டுபிடித்த தெய்வம், அதை ராஜாகிட்ட கொண்டுபோய்க் காட்டுது. ராஜா என்ன சொல்றார்? 'இது வந்தா ஜனங்களுக்கு ஞாபகசக்தி போயிடும்' என்கிறார். எழுத்து மேலயே கேஸு! அந்தக் கேஸ் நமக்கு எப்படித் தெரிஞ்சது? பிளேட்டோ எழுதி வெச்சதால தெரிஞ்சது! (கைதட்டல்)

செல்போன் கதைக்கு வருவோம். 1973 ஏப்ரல் 3. நியூயார்க் வீதியில் நின்றுகொண்டு மார்ட்டின் கூப்பர் என்ற பொறியாளர் கையடக்கப் போனில் முதன்முதலாகப் பேசினார். கையடக்கம்னு பேரு, எடை ஒரு கிலோவுக்கு மேலே! யாருக்குப் போன் போட்டார்? போட்டி நிறுவனத்து விஞ்ஞானிக்கு! நான் ஜெயிச்சதும் எதிரணித் தலைவருக்குப் போன் போடுவேன் இல்லையா, அந்த மாதிரி! (சிரிப்பு)

நம் நாட்டில் 1995 ஜூலை 31 அன்று மேற்கு வங்க முதல்வர் ஜோதிபாசு கல்கத்தாவிலிருந்து டெல்லியில் இருந்த மத்திய அமைச்சர் சுக்ராமோடு பேசினார். அதுதான் முதல் செல்போன் அழைப்பு. அந்தக் காலத்தில் கூப்பிட்டாலும் காசு, எடுத்தாலும் காசு! எடுக்கிறவருக்குக் காசு இல்லை என்ற நிலை 2003-இல்தான் வந்தது. இதுக்கு நம்ம ஜனங்க என்ன பண்ணினாங்க? மிஸ்டு கால்! ஒரு ரிங் விட்டா 'கிளம்பிட்டேன்', ரெண்டு ரிங் விட்டா 'வந்துட்டேன், கீழே வா'. காசு செலவில்லாம ஒரு மொழியையே உண்டாக்கினவனைப் பார்த்து, கற்பனை வத்திப்போச்சுன்னு சொல்றீங்களே, நியாயமா? (கைதட்டல்)

சரி, உழைப்பு? நடுவர் அவர்களே, எங்க அப்பா தக்காளி போட்டவர். விடியக்காலையில கூடைகளை வண்டியில ஏத்திக்கிட்டுச் சந்தைக்குப் போவார். அங்கே போய்ச் சேர்ந்த பிறகுதான் அன்னிக்கு விலை என்னன்னே தெரியும். ஒருநாள் வண்டி வாடகைக்குக்கூட கட்டவில்லை. திரும்பி வரும்போது அத்தனையும் ரோட்டோரம் கொட்டிட்டு வந்தார். அன்னிக்கு ராத்திரி அவர் சாப்பிடலை. அவர் சோம்பேறியா? உழைப்புக்கு எது தடையா இருந்தது? சேதி தெரியாததுதானே?

எங்க அப்பா கதையை எத்தனை பேர் எழுதி வெச்சாங்க? ஆனா கேரளத்து மீனவர் கதையை ஒருத்தர் எழுதி வெச்சார். ராபர்ட் ஜென்சன் என்ற பொருளாதார அறிஞர். 1997 ஜனவரி 14. வடகரைக் கடற்கரையில் 11 மீனவர்கள் மத்தி மீனோடு கரைக்கு வந்து நிற்கிறார்கள். வாங்க ஆளில்லை. மீனைக் கொட்ட வேண்டியதுதான். அதே நேரம், 15 கிலோமீட்டருக்குள் இருந்த சோம்பாலாவிலும் கொயிலாண்டியிலும் 27 வியாபாரிகள் மீன் கிடைக்காமல் திரும்பிப் போகிறார்கள்! இங்கே மீன் இருக்கு, அங்கே பணம் இருக்கு. நடுவில் ஒரு வார்த்தை இல்லை.

1997-லிருந்து அந்தக் கரையோரத்தில் ஒவ்வொரு பகுதியாகச் செல்போன் வந்தது. டவர் வெச்சது ஊர்க்காரங்களுக்காக. ஆனா அதன் அலை கடலுக்குள் 20, 25 கிலோமீட்டர் வரை எட்டியது. மீனவர் படகில் இருந்தபடியே ஒவ்வொரு கரைக்கும் போன் போட்டு விலை கேட்டார். எங்கே நல்ல விலையோ அங்கே படகைத் திருப்பினார். இதை அவருக்கு எந்தக் கல்லூரி கத்துக்கொடுத்தது? விளைவு என்ன? முன்பு பிடித்த மீனில் நூற்றுக்கு 5 முதல் 8 பங்கு வீணாகும். அது நின்றே போச்சு. மீனவர் லாபம் 8 சதவீதம் கூடியது. வாங்கித் தின்கிறவருக்கு விலை 4 சதவீதம் குறைந்தது. 2007-இல் வெளியான ஆய்வு சொல்லும் கணக்கு இது, என் கணக்கு இல்லை. (கைதட்டல்)

எதிரணி கேட்பாங்க: "அது அந்தக் காலத்துப் போன். இப்போ ராத்திரி 12 மணி வரைக்கும் கட்டைவிரலால தள்ளிக்கிட்டே இருக்கானே?" உண்மைதான். என் வீட்டிலயும் நடக்குது. நானும் அதில் ஒருத்தன். மறைக்க மாட்டேன். ஆனா வித்தியாசத்தைப் பாருங்க. அந்த மீனவர் ஒரு கேள்வியோட போனை எடுத்தார், பதில் கிடைச்சதும் கீழே வெச்சார். நாம கேள்வியே இல்லாம எடுக்கிறோம். அதனாலதான் வைக்கவே தெரியலை. தப்பு யார்மேல, நடுவர் அவர்களே?

எங்க அப்பா கையில அன்னிக்கு ஒரு செல்போன் இருந்திருந்தா, அந்தத் தக்காளி ரோட்டோரம் போயிருக்காது. அவரும் அன்னிக்கு ராத்திரி சாப்பிட்டிருப்பார். உழைக்கிறவன் கையில இருக்கிற வரைக்கும் செல்போன் துணையே, துணையே என்று தீர்ப்பு வழங்குமாறு கேட்டு அமர்கிறேன். (பலத்த கைதட்டல்)