ஐந்தாம் வகுப்போடு நின்ற மலையில் கணினி

இலங்கையில் தரம் 6 முதல் 9 வரையான மாணவர்களுக்குத் தகவல் தொடர்பாடல் தொழில்நுட்பம் ஒரு பாடமாகக் கற்பிக்கப்படுகிறது. கொழும்பைப் பற்றி எழுதுவோர் இதனைப் பாடவிதான மாற்றம் என்று இரண்டு வரிகளில் சொல்லிக் கடந்துவிடலாம். பதுளையைப் பற்றி எழுதுவோருக்கு அது இயலாது. ஊவாவின் தேயிலைத் தோட்டங்களில் கணினி மட்டும் புதிதன்று. ஆறாம் வகுப்பே புதிதுதான்.

1907ஆம் ஆண்டின் கிராமப் பாடசாலைகள் சட்டம், தோட்டங்களில் வாழும் 6 முதல் 10 வயது வரையான பிள்ளைகளுக்குத் தாய்மொழியில் கல்வி வழங்கும் பொறுப்பைத் தோட்டத் துரைமாரின் தலையில் சுமத்தியது. பதுளைக்கு ரயில் வந்ததே 1924இல்தான். அதற்கு முன்பே சட்டம் வந்துவிட்டது என்று நாம் மகிழலாம். ஆனால் நடைமுறையில் அது ஒரு மண்டபம், ஓர் ஆசிரியர், ஐந்து வகுப்புகள் என்ற அளவிலேயே நின்றது. பல தோட்டங்களில் அதுவும் இல்லை. பத்து வயதுக்குப் பின் என்ன என்பதைச் சட்டம் பேசவில்லை. பேசவேண்டிய தேவையும் துரைமாருக்கு இருக்கவில்லை. மலையில் கொழுந்து காத்திருந்தது.

1945இல் இலவசக் கல்வி நாட்டுக்கு வந்தபோது, தோட்டப் பிள்ளை அதன் வாசலுக்கு வெளியே நின்றது. மூன்று ஆண்டுகளில் குடியுரிமையும் போயிற்று. 1970களில் தோட்டங்கள் அரசுடைமையாகி, அந்தத் தசாப்தத்தின் பிற்பகுதியில் தோட்டப் பாடசாலைகளை அரசு பொறுப்பேற்கத் தொடங்கியபோதுதான் அவை தேசியக் கல்வி முறைக்குள் வந்தன. 1980களில் சுவீடனின் உதவி கிடைத்தது. பதுளை மாவட்டம் அதன் தொடக்கக் களங்களுள் ஒன்று. பின்னர் ஜெர்மனியின் உதவியோடு, தோட்டப் பகுதிகளுக்கு ஆசிரியர்களை உருவாக்கும் நோக்குடன் கொட்டகலை பத்தனையில் ஸ்ரீபாத கல்வியியற் கல்லூரி எழுந்தது. இத்தனைக்குப் பிறகும் தோட்டத்துப் பாடசாலைகளில் பல, தரம் 5 வரை மட்டுமே உள்ளவையாகத் தொடர்ந்தன. ஆறாம் வகுப்புக்குச் செல்ல வேண்டிய பிள்ளை, மலை இறங்கி வேறொரு பாடசாலைக்கு நடக்க வேண்டும். எத்தனையோ பிள்ளைகளின் படிப்பு அந்தப் பாதையில்தான் நின்றுபோயிற்று.

கணினிக் கல்வி வந்த வழியை இந்தப் பின்னணியில் பார்க்கவேண்டும். பாடசாலைகளில் தகவல் தொழில்நுட்பத்துக்கான தேசியக் கொள்கை 2001இல் வகுக்கப்பட்டது. ஆசிய அபிவிருத்தி வங்கியின் கடனுதவியோடு கணினிக் கற்றல் நிலையங்கள் அமைந்தன. முதலில் உயர்தர வகுப்பு, பின்னர் சாதாரண தரம், 2010களின் பிற்பகுதியில் தரம் 6 முதல் 9 வரை எனப் பாடம் மேலிருந்து கீழே இறங்கியது. கருவிகளும் அப்படியே, மேல் வகுப்புகள் உள்ள பாடசாலைகளை முதலில் நாடின. மேல் வகுப்புகளே இல்லாத மலைக்கு அவை கடைசியில்தானே வரும்! பாடசாலைக்கு வெளியே, உலக வங்கி உதவியுடன் அமைந்த அறிவகங்கள், அதாவது நெனசல நிலையங்கள், கிராமங்களுக்குக் கணினியைக் கொண்டு சென்றன. 2014இல் அத்திட்டம் கேட்ஸ் அறக்கட்டளையின் விருதையும் பெற்றது. ஆயினும் அரசின் கணக்கெடுப்புகள் நகரம், கிராமம், தோட்டம் என்று பிரித்துக் கணினி அறிவை அளக்கும்போது, தோட்டமே கடைசியில் நிற்கிறது.

மொழியும் இங்கே கவனிக்கத்தக்கது. அரச பாடநூல் தமிழில் கிடைக்கிறது. தமிழ் விசைப்பலகைக்கு எஸ்.எல்.எஸ். 1326 என்ற தேசியத் தரம் 2008இல் உருவானது. ஆனால் பாடநூலில் தமிழ்க் கலைச்சொல்லாகப் படித்ததைத் திரையில் பெரும்பாலும் ஆங்கிலத்திலேயே பிள்ளை காண்கிறது. இரண்டும் ஒன்றுதான் என்று காட்ட அருகில் ஓர் ஆசிரியர் வேண்டும். அந்த ஆசிரியர் இல்லையெனில், சுட்டியும் விசைப்பலகையும் பாடநூலின் படங்களாகவே மனத்தில் தங்கிவிடும்.

கொவிட் காலத்தில் பாடசாலைகள் மூடப்பட்டபோது, 2021இல் பதுளை மாவட்டத்தின் மீகஹகிவுலைப் பிரதேசத்துப் பிள்ளைகள் அலைபேசிச் சமிக்ஞையைத் தேடிக் காட்டு மலைமேல் ஏறிய படங்களை உலகம் பார்த்தது. லுணுகலைப் பகுதியில் காட்டுக்குள் மரத்தின்மேல் சுமார் 30 அடி உயரத்திலிருந்த பரணில் பாடம் நடந்தது. பெரியவர்கள் துணைக்குச் சென்றார்கள். நாள் முழுதும் மலையில் கொழுந்து பறிக்கும் தாயால் அப்படித் துணைபோக முடியுமா? வீட்டில் அலைபேசி ஒன்றே இருந்து, அதில் மூன்று பிள்ளைகள் படிக்கவேண்டிய லயத்து வீட்டின் நிலை சொல்லாமலே விளங்கும்.

தரம் 6 முதல் 9 வரையான நான்கு ஆண்டுகளுக்கு நான் இத்தனை முக்கியத்துவம் கொடுப்பதற்குக் காரணம் உண்டு. தரம் 10இல் மாணவர் தம் விருப்பப் பாடங்களைத் தெரிவு செய்கிறார். தகவல் தொழில்நுட்பம் அவற்றுள் ஒன்று. நான்கு ஆண்டுகளில் ஒருமுறையேனும் கணினியில் கை வைக்காத பிள்ளை அதனைத் தெரிவு செய்யத் துணியாது. கற்பிக்க ஆசிரியரில்லாத பாடசாலையில் தெரிவு செய்யவும் வழியிராது. 2013இல் தொடங்கிய உயர்தரத் தொழில்நுட்பப் பிரிவும் அதன்பின் எட்டாத தூரத்துக்குப் போய்விடும். பதுளை நகரின் அருகிலேயே 2005 முதல் ஊவா வெல்லஸ்ஸ பல்கலைக்கழகம் இயங்குகிறது. தோட்டத்து மலையிலிருந்து பார்த்தால் அது பக்கத்தில்தான். ஆனால் அதற்குப் போகும் வழி ஆறாம் வகுப்பில் தொடங்குகிறது.

அன்று பத்து வயதோடு படிப்பு நின்றதற்கு ஒரு சட்டத்தின் மௌனம் காரணமாயிருந்தது. இன்று சட்டம் பதினாறு வயதுவரை கல்வியைக் கட்டாயமாக்கியிருக்கிறது; பாடமும் பாடநூலும் உள்ளன. இனிக் கேட்கவேண்டியது, எத்தனை கணினிகள் வழங்கப்பட்டன என்ற கணக்கை மட்டுமன்று. தோட்டத்துப் பிள்ளை ஒன்று தரம் 9ஐ முடிக்கும்போது, எத்தனை மணிநேரம் கணினியின் முன் தானே அமர்ந்திருந்தது என்பதையும் வலயக் கல்விப் பணிமனைகள் எழுதி வைக்கட்டும். திறப்பு விழாக்களில் எடுத்த படங்கள் தராத விடையை அந்தக் கணக்கு தரும்.