குழாயில் போட்டதும் மறந்துபோகும் குப்பை

சிங்கப்பூர் சுத்தமான ஊர் என்பதை யாரும் மறுப்பதில்லை. வெளியூரிலிருந்து வரும் உறவினர்கள் சாங்கி விமான நிலையத்திலிருந்து வீடு வந்து சேர்வதற்குள் அதை இரண்டு தடவையாவது சொல்லிவிடுவார்கள். ஆனால் இதே ஊரில், வீடுகளிலிருந்து வெளியேறும் குப்பையில் மறுபயனீட்டுக்குப் போன பங்கு 2018ல் 22 விழுக்காடாக இருந்து, 2022ல் 12 விழுக்காடாகக் குறைந்துவிட்டது. தரையில் ஒரு காகிதத் துண்டைப் போடக் கூசுகிற மக்கள், அதே காகிதத்தைத் தனியாகப் பிரித்து வைக்க ஏன் தயங்குகிறார்கள்? சோம்பல் என்று ஒரே சொல்லில் முடித்துவிடலாம். இந்த ஊர் எப்படிச் சுத்தமானது என்பதைக் கொஞ்சம் பின்னோக்கிப் பார்த்தால் அந்தப் பதில் போதாது என்பது விளங்கும்.

கம்பத்து வீடுகளில் குப்பை என்று வெளியேறியது குறைவு. மிஞ்சிய சோற்றையும் காய்கறித் தோலையும் பன்றிப் பண்ணைக்காரர்கள் வாளியோடு வந்து வாங்கிப் போவார்கள். பழைய நாளிதழ்களும் கிழிந்த துணிகளும் காராங் கூனிக்காரருக்குப் போகும். மலாய் மொழியில் காராங் என்றால் சாக்கு. கூனி என்பது நம்முடைய கோணிக்கு உறவான சொல். அவர் எடைபோட்டுக் காசும் கொடுப்பார். பிஸ்கட் டின் அரிசி டின்னாகும், எண்ணெய் டின் தண்ணீர் வாளியாகும். கடையில் மீ கோரிங் கட்டித் தர வாழையிலையோ பாக்கு மட்டையோ இருந்தது. குழம்பு வாங்க வீட்டிலிருந்து தூக்குச்சட்டி போகும்.

சுற்றுச்சூழல் என்ற சொல்லையே கேட்டிராத மக்கள் இதையெல்லாம் செய்தார்கள். வசதி இல்லாததால் செய்தார்கள் என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். அந்தக் காலத்தைப் பொற்காலம் என்று பாடுவோர் சிங்கப்பூர் ஆற்றின் நாற்றத்தை மறந்துவிடுகிறார்கள். வாளிக் கழிப்பறைகள் முற்றாக ஒழிந்ததே 1987ல்தான். சாக்கடையிலும் ஓடையிலும் கண்டதையும் கொட்டுவது அன்று யாருக்கும் குற்றமாகத் தோன்றியதில்லை. காலையில் தெருவைக் கூட்டி அள்ளியவர்கள் நகராண்மைத் தொழிலாளர்கள். அவர்களில் கணிசமானோர் தமிழர்கள். 1967ல் துப்புரவு ஊழியர்கள் வேலைநிறுத்தம் செய்தபோதுதான், ஊரின் சுத்தம் யார் கையில் இருந்தது என்பது பலருக்கு உறைத்தது.

அதற்கு அடுத்த ஆண்டு, 1968 அக்டோபர் 1ஆம் தேதி, பிரதமர் லீ குவான் இயூ 'சிங்கப்பூரைச் சுத்தமாக வைத்திருப்போம்' இயக்கத்தைத் தொடங்கி வைத்தார். மாதம் முழுவதும் நான்கு மொழிகளிலும் சுவரொட்டிகள், வானொலிப் பேச்சுகள், பள்ளிகளில் போட்டிகள் என்று ஊரே அதைப் பற்றிப் பேசியது. சுற்றுப்புறப் பொதுச் சுகாதாரச் சட்டம் பின்னாலேயே வந்தது. குப்பை போட்டால் 500 வெள்ளி வரை அபராதம். அன்றைய தொழிலாளியின் சம்பளத்தில் அது சில மாத வருமானம். அவமானமும் அபராதமும் சேர்ந்து வேலை செய்தன. 1992ல் மஞ்சள் அங்கி மாட்டிப் பொது இடத்தைக் கூட்டச் செய்யும் சீர்திருத்த வேலை ஆணை வந்தபோதும் அதே இரண்டும்தான் பயன்பட்டன.

1977ல் இன்னும் பெரிய வேலை தொடங்கியது. பத்தாண்டுகளில் சிங்கப்பூர் ஆற்றையும் காலாங் வடிநிலத்தையும் சுத்தப்படுத்த வேண்டும் என்று பிரதமர் கெடு வைத்தார். சுமார் 26,000 குடும்பங்கள் இடம் மாறின. ஏறக்குறைய 5,000 தெருக் கடைக்காரர்கள் உணவங்காடி நிலையங்களுக்குப் போனார்கள். காலாங் வடிநிலத்தில் இருந்த 610 பன்றிப் பண்ணைகளும் வாத்துப் பண்ணைகளும் அகற்றப்பட்டன. 1987ல் மீன்கள் திரும்பி வந்த ஆற்றைப் பார்க்க மக்கள் கூடினார்கள். அது பெருமைப்பட வேண்டிய சாதனை என்பதில் ஐயமில்லை. ஆனால் பன்றிப் பண்ணை போனபோது, மிஞ்சிய சோறு போய்ச் சேர்ந்த இடமும் போயிற்று. அந்தச் சோறு பிறகு எங்கே போனது?

அது குப்பைக் குழாய்க்குள் போனது. அடுக்குமாடி வாழ்க்கை வேகமாகப் பரவிய காலம் அது. 1970ல் மக்களில் 35 விழுக்காட்டினர் வீவக வீடுகளில் இருந்தார்கள். 1985ல் அது 81 விழுக்காடாயிற்று. அந்த ஆண்டுகளில் கட்டிய பெரும்பாலான வீடுகளில் சமையலறைச் சுவரிலேயே குழாயின் வாய் இருந்தது. கம்பத்திலிருந்து வந்த இல்லத்தரசிக்கு இது எவ்வளவு பெரிய விடுதலை என்பதை இன்றைய தலைமுறை எண்ணிப் பார்ப்பது கடினம். மூடியை இழுத்துத் திறந்து, உள்ளே போட்டு, மூடினால் முடிந்தது. பத்து மாடிக்குக் கீழே 'தொப்' என்ற ஓசை கேட்கும். ஈ இல்லை, எலி இல்லை, பக்கத்து வீட்டுக்காரரோடு சச்சரவு இல்லை. கீழே யார் அள்ளுகிறார், எங்கே கொண்டு போகிறார் என்று யோசிக்க வேண்டிய அவசியமும் இல்லை.

குப்பையைச் சிந்தாமல் பையில் கட்டிப் போடுங்கள் என்று மக்களுக்குச் சொல்லப்பட்டது. மக்களும் கேட்டார்கள். பேரங்காடியில் இலவசமாகக் கிடைத்த பிளாஸ்டிக் பை இப்படித்தான் ஒவ்வொரு வீட்டின் அடுப்படி இழுப்பறையிலும் மடித்து வைக்கும் பொருளாயிற்று. பிளாஸ்டிக் பையைக் குறையுங்கள் என்று பிற்காலத்தில் சொன்னபோது, "அப்புறம் குப்பையை எதில் கட்டிப் போடுவது?" என்று பல வீடுகளில் கேட்டார்கள். சாக்குப்போக்காகத் தோன்றும் கேள்விதான். ஆனால் அது சுத்தமாக இருக்கக் கற்றுக்கொண்டவர்களின் கேள்வி.

குழாய்க்கு அந்தப் பக்கம் குப்பை பெருகிக்கொண்டே போயிற்று. 1970ல் நாளொன்றுக்குச் சுமார் 1,260 டன். 2016ல் 8,559 டன். நிலம் போதாததால் 1979ல் உலு பாண்டானில் முதல் எரியாலை வந்தது. எரித்தால் குப்பையின் கன அளவு ஏறக்குறைய பத்தில் ஒன்றாகச் சுருங்கும். மிஞ்சும் சாம்பலைக் கொட்ட 1999ல் கடலில் 7 கிலோமீட்டர் தடுப்பு எழுப்பி செமக்காவ் நிரப்புநிலம் திறக்கப்பட்டது. அதே ஆண்டில் தீவுக்குள் கடைசியாக எஞ்சியிருந்த லோரோங் ஹாலுஸ் குப்பைமேடு மூடப்பட்டது. 2045 வரை தாங்கும் என்று எதிர்பார்க்கப்பட்ட செமக்காவ், 2035க்குள் நிரம்பிவிடும் என்பது பின்னர் வந்த கணக்கு. வேறு செமக்காவ் கட்ட இடம் தேடுவது எளிதல்ல.

இந்த நிலையில்தான் 2001ல் தேசிய மறுபயனீட்டுத் திட்டம் தொடங்கியது. முதலில் வீட்டுக்கு வீடு பை கொடுத்து, இரண்டு வாரத்துக்கு ஒருமுறை வாசலில் வந்து எடுத்துப் போனார்கள். பின்னர் புளோக்குகளின் கீழே நீலத் தொட்டிகள் வைக்கப்பட்டன. அந்தத் தொட்டிகளில் விழுவதில் ஏறக்குறைய 40 விழுக்காடு பயனற்றுப் போகிறது. பாதி குடித்த பானம், குழம்பு ஒட்டிய பெட்டி, பழைய தலையணை எல்லாம் அதில் கிடக்கின்றன. குழம்பு ஒரு தடவை காகிதத்தில் ஊறிவிட்டால் சுற்றியிருக்கும் நல்ல காகிதமும் வீணாகிவிடும். நீலத் தொட்டியைப் பலர் இன்னொரு குப்பைக் குழாயாகவே பார்க்கிறார்கள் என்பது தெரிகிறது. போட்டால் போதும், பிரிப்பவர் யாரோ கீழே இருக்கிறார் என்பது முப்பது நாற்பது ஆண்டுப் பழக்கம். 2021 செப்டம்பரில் உணவங்காடி நிலையங்களில் தட்டைத் திருப்பி வைப்பது கட்டாயமானபோது, "துப்புரவுத் தொழிலாளி என்ன செய்வார்?" என்று கேட்டவர்களும் இதே பழக்கத்தில் வளர்ந்தவர்கள்தான்.

காசு விஷயமும் உண்டு. தண்ணீர்க் கட்டணம் பயன்பாட்டுக்கு ஏற்ப ஏறும், இறங்கும். குப்பைக் கட்டணமோ வீவக வீடுகளில் எவ்வளவு போட்டாலும் ஒன்றுதான். மறுபுறம், 2018ல் சீனா தரம் குறைந்த கழிவு இறக்குமதிக்குக் கதவடைத்ததும் பழைய காகிதத்தின் விலை சரிந்தது. காராங் கூனிக்காரர் கிலோவுக்குக் கொடுத்த சில காசும் குறைந்தது. வாசலுக்கு வந்து ஹாரன் அடித்து, எதை எடுப்பேன், எதை எடுக்க மாட்டேன் என்று முகத்துக்கு நேரே சொன்ன ஒரே ஆள் அவர்தான். எந்தச் சுவரொட்டியும் அவரளவுக்கு மக்களுக்குப் பிரித்து வைக்கக் கற்றுக்கொடுத்ததாகத் தெரியவில்லை.

அறிவுரை எவ்வளவு தூரம் போகும் என்பதற்குப் பிளாஸ்டிக் பையே சாட்சி. 2007 ஏப்ரலில் 'சொந்தப் பை கொண்டுவரும் நாள்' தொடங்கியது. மாதம் ஒரு புதன்கிழமை, பை கொண்டுவராதவர்கள் விரும்பினால் 10 காசு நன்கொடை கொடுக்கலாம். அடுத்த ஆண்டு அது வாரந்தோறும் என்றானது. பின்னர் ஓசையில்லாமல் ஓய்ந்துவிட்டது. 2023 ஜூலை 3ஆம் தேதி பெரிய பேரங்காடிகளில் பை ஒன்றுக்குக் குறைந்தது 5 காசு என்று சட்டமே வந்தது. ஐந்து காசு இந்த ஊரில் யாரையும் ஏழையாக்காது. ஆனாலும் சில மாதங்களிலேயே பை வாங்குவது வெகுவாகக் குறைந்தது. மடித்த துணிப்பையைக் கைப்பையில் வைத்துக்கொள்ள பாட்டிமாருக்கு யாரும் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை.

வசதி செய்துகொடுத்தாலும் மக்கள் மாறுவார்கள் என்பதற்குப் பொங்கோலில் ஓர் எடுத்துக்காட்டு இருக்கிறது. அங்கே டிரீலாட்ஜ் என்ற வீவக குடியிருப்பில் சாதாரணக் குப்பைக்கு ஒன்று, மறுபயனீட்டுப் பொருளுக்கு ஒன்று என்று இரண்டு குழாய்கள் வைத்துப் பார்த்தார்கள். மற்ற குடியிருப்புகளைவிட மூன்று மடங்கு வரை அதிகமான பொருள் சேர்ந்தது. 2014 முதல் புதிய வீவக திட்டங்களில் இரட்டைக் குழாய் இடம்பெறுகிறது. பழைய புளோக்குகளில் குடியிருப்போர் இன்னும் மின்தூக்கியில் இறங்கித்தான் நீலத் தொட்டியைத் தேட வேண்டும். முழங்கால் வலியுள்ள முதியவர் ஒரு காலிப் போத்தலுக்காகப் பன்னிரண்டு மாடி இறங்கவில்லை என்றால் அவரைக் குறை சொல்வது நியாயமா?

பானப் போத்தலுக்கும் டின்னுக்கும் 10 காசு வைப்புத்தொகை வாங்கி, திருப்பிக் கொண்டுவந்தால் கொடுத்துவிடும் ஏற்பாட்டுக்கான சட்டம் 2023 மார்ச்சில் நாடாளுமன்றத்தில் நிறைவேறியது. இளையர்களுக்கு இது புதுமையாகத் தோன்றலாம். கம்பத்து மளிகைக் கடையில் கண்ணாடிப் போத்தலில் சோடா வாங்கியவர்களுக்கு அப்படித் தோன்றாது. போத்தல் காசைக் கடைக்காரர் முதலிலேயே பிடித்துக்கொள்வார். காலிப் போத்தலைத் திருப்பிக் கொடுத்து அந்தக் காசை வாங்க வீட்டுப் பிள்ளைகளுக்குள் அடிதடியே நடக்கும்.