உருக்கும் நுண்ணிழையும் – ஒரு வரலாற்று நோக்கு

வலிமை குன்றிய பொருளொன்றினுள் வலிய இழைகளைப் பொதித்து முழுமைக்கும் உறுதி சேர்த்தல் மிகப் பழைய உத்தியாகும். களிமண்ணோடு வைக்கோலைப் பிசைந்து சுவரெழுப்பியோர் செய்ததும் அதுவே. யப்பானிய அறிஞர் சுமியோ ஈஜிமா 1991 இல் காபன் நனோ குழாய்களை விவரித்த பின்னர் இவ்வுத்தி புத்துருப் பெற்றது. இக்குழாய்களைப் பல்பகுதியக் கரைசலினுட் செலுத்தி இழையாக்கும் முறையொன்றைப் பிரான்சின் போர்தோ நகர ஆய்வாளர் 2000 இல் வெளியிட்டனர். குழாய்கள் ஒன்றோடொன்று திரளாது பரந்து, இழையின் நீளத்திசையில் ஒழுங்குற நின்றாலன்றி எதிர்பார்த்த வலிமை கிட்டாது. இத்துறையின் பெருஞ்சிக்கல் அதுவே.

ஆய்வுகூடத்தில் இத்துணை அரிதாகக் கைகூடும் இப்பொருள் 17 ஆம் நூற்றாண்டு வாளொன்றிற் காணப்பட்டதென்ற செய்தி 2006 இல் வெளிவந்தது. யேர்மனியின் ட்ரெஸ்டன் நகரப் பேராசிரியர் பீற்றர் பௌஃப்ளர் குழுவினர், டமஸ்கஸ் வாளொன்றின் சிறு துண்டை அமிலத்திற் கரைத்து, எஞ்சியதை இலத்திரன் நுணுக்குக்காட்டியால் ஆராய்ந்தனர். காபன் நனோ குழாய்களையும், அவற்றுட் பொதிந்த இரும்புக் காபைட்டு நுண்கம்பிகளையும் கண்டதாக 'நேச்சர்' சஞ்சிகையில் அறிவித்தனர். இத்தகைய வாள்களுக்கான மூசை உருக்குத் தென்னிந்தியாவிலிருந்து மேற்காசியாவுக்குச் சென்றது. இலங்கை உருக்கும் அங்கு அறியப்பட்டிருந்தது. 9 ஆம் நூற்றாண்டில் அல்-கிந்தி வாள்களைப் பற்றி எழுதிய நூலில் சரந்தீப் உருக்கும் இடம்பெறுகின்றது.

ஊவா மாணவர்க்கு இது தொலைவிலுள்ள கதையன்று. ஹாலிஎலையிலிருந்து பண்டாரவளை, அப்புத்தளை கடந்து பெரகலையிற் திரும்பிப் பலாங்கொடைப் பக்கம் இறங்கினால் சமனலவெவப் பிரதேசம் வரும். அங்கு மேற்கு நோக்கிய மலைச்சரிவுகளில், கி.பி. 7 முதல் 11 ஆம் நூற்றாண்டு வரை இயங்கிய இரும்புலைகளைத் தொல்லியலாளர் ஜில் ஜுலெஃப் அகழ்ந்தார். துருத்தியின்றித் தென்மேற்குப் பருவக்காற்றால் மட்டுமே எரிந்த உலைகள் அவை. காற்றினால் மட்டும் இரும்பு உருக்குதல் இயலாதென ஐயுற்றோர் பலர். 1994 இல் அவ்வாறே உலைகட்டி உருக்கிக்காட்டி, 1996 இல் முடிவை அவர் வெளியிட்டார். அப்பிரதேசத்திலேயே ஆனந்த குமாரசுவாமி, இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில், மூசை உருக்கு ஆக்குவோரின் செய்முறையைக் கண்டு பதிவுசெய்தார். களிமண் மூசையில் இரும்போடு அவர்கள் இட்டது ஆவாரை மரத்துண்டுகள். தென்னிந்தியச் செய்முறையில் ஆவாரையோடு எருக்கிலையும் சேரும். ட்ரெஸ்டன் ஆய்வாளரும் காபனின் மூலமாக இவ்விரண்டையுமே சுட்டினர்.

இதைக்கொண்டு, நம் முன்னோர் நனோ தொழினுட்பம் அறிந்திருந்தனர் என மேடைகளில் முழங்குவோருடன் உடன்படுதல் கடினம். ஆராயப்பட்ட வாளின் உருக்கு இம்மலைகளிலிருந்து சென்றதென்பதற்குச் சான்றில்லை. குழாயைக் கண்ணாற் காணாதவர் அதனை நாடிச் செய்தார் என்பதும் பொருந்தாது. எனினும், எத்தாதுவைத் தெரிவது, எம்மரத்தை இடுவது, எந்த நிறம் வரை காய்ச்சுவது என்பவற்றைத் தவறாது செய்த கை அறியாமையின் கையன்று. காரணம் அறியாத செய்திறனும் ஓர் அறிவே. அதனை அறிவென ஏற்க மறுத்தது நம் ஏட்டுக்கல்வி. முன்னோர் பெருமை பேசுவோரும் அரசர் பெயரையே கூறுவரன்றி உலைமுன் நின்றவரை நினையார்.

மலிவான இறக்குமதி இரும்பு வந்தபின் இத்தொழில் நலிந்தது. குமாரசுவாமி கண்டோர் அதன் கடைசித் தலைமுறையினர்.